மேற்குக் கொப்பு

சுலோஜனாவின் பொட்டலத்தில் வேர் தெரிந்த அன்று கமலாதேவிக்குச் சோறு இறங்கவில்லை. பழஞ்சோற்றைப் பிசைந்தாள். வெங்காயத்தைக் கடித்தாள். பிறகு கோப்பையோடு எழுந்துபோய் மாட்டின் முன்னால் கொட்டினாள். மாடு சினைமாடு. அதற்கு எரிச்சல் ஒன்றும் இல்லை. தின்றது.

சுலோஜனா கூப்பிட்டது விடிந்த கையோடு.

"மச்சாள்! ஒருக்கால் ஓடி வாங்கோ!"

"ஏன், வீடு பத்துதே?"

"வேர் விட்டிட்டுது மச்சாள்! வந்து பாருங்கோ!"

"கூட்டிப்போட்டு வாறன். வேர் எங்கை ஓடப்போகுது."

கூட்டி முடித்த முற்றத்தை இன்னொரு தரம் கூட்டினாள். குப்பையை அள்ளி வேலியோரம் கொட்டினாள். கை கழுவினாள். அதற்குப் பிறகுதான் போனாள்.

பாலைமரத்தின் கிழக்குக் கொப்பில், கை எட்டுகிற உயரத்தில், பொலித்தீன் பொட்டலங்கள் வரிசையாய் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடிப் பிட்டு அளவு. சுலோஜனா ஒன்றை விரலால் தொட்டுக் காட்டினாள். ஈரத் தேங்காய்த் தும்புத்தூளுக்குள், பொலித்தீனை ஒட்டி, ஒடிந்த இடியப்பம் போல வெள்ளையாய் நாலைந்து இழை.

"புழுவோ தெரியாது" என்றாள் கமலாதேவி.

"புழு எண்டா நெளியாதே மச்சாள்."

சுலோஜனா சிரித்தாள். பகிடிக்குச் சிரித்த சிரிப்புத்தான். கமலாதேவிக்கு அது மற்றவர்களுக்கு முன்னால் சிரித்த சிரிப்பு மாதிரி இருந்தது. அங்கே வேறு ஆரும் இல்லை.

திரும்பி வரும்போது மேற்குக் கொப்பின் கீழ் நின்றாள். அதில் இருந்தவை அவள் கட்டிய பொட்டலங்கள். ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்தாள். தூள். தூள். தூள்.

*

சுருவில் ஊரில் அது ஒரு வளவு, இரண்டு வீடு. முன்வீடு தகரக்கூரை. அதில் கமலாதேவி தனியே இருந்தாள். புருசன் செத்துக் கனகாலம். பிள்ளைகள் கனடாவில். பின்வீடு ஓட்டுக்கூரை. அதில் தம்பி தில்லைநாதனும் அவன் பெண்சாதி சுலோஜனாவும். தில்லைநாதன் ஊர்காவற்றுறையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். எந்த நேரமும் கையில் எண்ணெய் மணக்கும்.

தாய்தகப்பன் காணியைப் பிரித்தபோது கோடு பாலைமரத்தடி வரை வந்து நின்றது. மரம் பொது என்று விட்டார்கள். கிழக்குக் கொப்பு சுலோஜனாவின் குசினிப் பக்கம் சாய்ந்திருந்தது. மேற்குக் கொப்பு கமலாதேவியின் மாட்டுக்கொட்டிலுக்கு மேலே. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க ஏலாத அடிமரம். உள்ளே கோறை, வெறும் பொந்து. போன வருசப் புயல் உச்சியை முறித்துக்கொண்டு போனது.

புயலுக்குப் பிறகு வன்னியிலிருந்து வாகீசன் வந்தான். மோட்டார்சைக்கிளில், முதுகில் ஒரு பையோடு. அருகிப்போகிற காட்டுமரங்களைப் பெருக்குகிற நாற்றுமேடை ஒன்றில் அவனுக்கு வேலை. புங்குடுதீவு, புளியங்கூடல் எல்லாம் சுற்றி, பழைய பாலை தேடிக்கொண்டு வந்திருந்தான். மரத்தைச் சுற்றி வந்தான். தட்டிப் பார்த்தான். பொந்துக்குள் கையை விட்டான்.

"உப்புக் காத்தைக் குடிச்சு நிண்ட மரம் அக்கா. வன்னியிலை நிக்கிற பாலை இதுக்கு ஈடில்லை. ஆனா இன்னொரு புயலுக்கு நிக்காது."

"பழம் பழுக்குது தானே தம்பி. விதையைப் பொறுக்கிக்கொண்டு போங்கோ."

"போட்டுப் பாத்தாச்சு. இந்தப் பக்கத்து விதை எல்லாம் பூச்சி குத்தினது. முளைக்குதில்லை. மரம் விழ முதல் கொப்பிலையே வேர் வரப் பண்ணி எடுக்க வேணும்."

"அதுக்கேன் இவ்வளவு பாடு? கொப்பை வெட்டித் தாங்கோ. கதியாலா நட்டு விடுறன்."

அவள் அப்படிச் சொன்னதில் ஞாயம் இருந்தது. கிளுவையோ பூவரசோ முள்முருக்கோ, தடியாய் வெட்டி வேலியில் ஊன்றினால் தளிர்ப்பதுதான் கதியால். ஆரும் ஊன்றலாம். ஆனால் சுருவிலில் ஆர் வேலி அடைத்தாலும் முதல் கதியாலுக்குக் கமலாதேவியைக் கூப்பிடுவார்கள். அவள் ஊன்றினால் மற்றதெல்லாம் பிழைக்கும். ஒருமுறை அவள் உடுப்புக் கொடி கட்ட நட்ட பூவரசந்தடி மாரியில் துளிர்த்து, சீலை எல்லாம் இலைக்குள்ளே காய்ந்தது. அந்தக் கதையைச் சொல்லாத கலியாணவீடு இல்லை. வீடு எரிந்து, ஊர் பெயர்ந்து, திரும்பி வந்து எல்லாரும் முதலில் அடைத்தது வேலியைத்தான். அத்தனை வேலியிலும் அவள் கை இருந்தது.

வாகீசன் கொஞ்சத் தடி வெட்டிக் கொடுத்தான். அவள் கிளுவைக்குச் செய்கிற மாதிரியே செய்தாள். பால் வற்றும்வரை நிழலில் சாத்தி வைத்தாள். தலைப்பில் சாணி அப்பினாள். நல்லநாள் பார்த்து ஊன்றினாள். பாலை, கிளுவை இல்லை. தடி எல்லாம் காய்ந்து வெடித்தது. அடுத்த வளவு இரஞ்சிதம் படலையடியில் நின்று பார்த்தாள்.

"கமலாக்கா, நல்லாத்தான் வந்திருக்கு."

"என்னடி வந்திருக்கு?"

"அடுப்புக்கு வந்திருக்கு. ரெண்டு தடி தாவன், கூழ் காய்ச்ச."

அப்போது கமலாதேவியும் சிரித்தாள். ஆருடைய தடியும் தளிர்க்கவில்லை. சிரிக்கக்கூடியதாய் இருந்தது.

பிறகுதான் வாகீசன் பதி வைக்கச் சொல்லிக் கொடுத்தான். விரல் பருமனில் கொப்பைத் தெரிந்து, மோதிரம் போலத் தோலைச் சீவி எடுக்க வேண்டும். பால் வடிந்து முடிய வேர்மருந்து பூசி, கழுவின தும்புத்தூளை அப்பி, பொலித்தீன் சுற்றிக் கட்ட வேண்டும். கொப்பு மரத்திலேயே இருக்கும். வேர் வந்தபிறகு வெட்டி எடுக்கலாம். ஆளுக்கொரு கொப்பு என்று அவன்தான் பிரித்துவிட்டான்.

"தும்புத்தூளை நல்ல தண்ணியிலை மூண்டு நாலு தரம் கழுவிப் பிழிய வேணும். மறந்து போகாதேங்கோ."

கமலாதேவி வேலிக்கு வரிச்சுக் கட்டுகிற மாதிரிக் கட்டினாள். இறுக்கி, பிறகும் இறுக்கி, முடிச்சுக்கு மேல் முடிச்சு. அறுத்தால் ஒழியக் கழராது. சுலோஜனா புங்குடுதீவில் பிறந்தவள். தகப்பனுக்கு மாத்தறையில் பலசரக்குக் கடை. சின்னவயதில் லீவுக்குப் போனால் சீனியும் பருப்பும் சுற்றிக் கொடுத்தவள். அவள் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைச் செருகி விட்டாள். காற்றுக்கும் மழைக்கும் அது அசையாது. ஆனால் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் முழுநூலும் கையோடு வரும்.

"உதென்ன கட்டு, விளையாட்டுக் கட்டு" என்றாள் கமலாதேவி.

"ஐயா கடையிலை கட்டுற கட்டு மச்சாள். நூல் மிச்சம்."

அடுத்தது தண்ணீர். வளவுக் கிணறு உவர். நல்ல தண்ணீர் என்றால் பின்வீட்டு மழைத்தொட்டி. ஓட்டுக்கூரையில் பீலி போட்டு, சீமெந்தில் கட்டி, மூடி வைத்த தொட்டி. அது கட்டின நாள் சுலோஜனா சொன்னாள். "மச்சாள், நீங்களும் இதிலையே அள்ளுங்கோ. ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு அள்ளுங்கோ."

அந்த ஒரு சொல் கமலாதேவியின் தொண்டையில் முள்ளாய் நின்றது. குடிக்கிறதுக்குச் சந்திக் குழாயில் ஒரு குடம் பிடித்து, நொந்த முழங்காலோடு இடுப்பில் சுமந்து வருவாள். தொட்டிப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. தும்புத்தூளையும் அவள் கிணற்றடியில்தான் கழுவினாள். உப்புக் காற்றில் நின்ற மரம். உவர்த்தண்ணி என்ன செய்துவிடும்.

*

மழை பிடித்தது. வேலி அடைக்கிற காலம். இரஞ்சிதத்தின் தெருவேலி சரிந்து கிடந்தது. அவள் மகன் கிளுவை வெட்டிக் கட்டுக்கட்டாய்க் கொண்டுவந்து போட்டான். கமலாதேவி தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாய்ப் போனாள். அவளை ஆரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியதும் இல்லை.

கிடங்கு கிண்டியாயிற்று. அலவாங்கு சுவரில் சாத்தியிருந்தது. கமலாதேவி கதியால் கட்டிலிருந்து நேரான தடி ஒன்றைத் தெரிந்து கையில் எடுத்தாள்.

"பொறு கமலாக்கா" என்றாள் இரஞ்சிதம். "சுலோவும் வரட்டும்."

"அவள் என்னத்துக்கு?"

"முதல் கதியாலை அவவைக் கொண்டு வைப்பிப்பம் எண்டு பாத்தன். பாலையிலையே வேரைக் கொண்டு வந்த கை எல்லே. கிளுவை எம்மாத்திரம்."

கமலாதேவி தடியைக் கீழே வைக்கவில்லை.

"உனக்கு விசரே? அவள் வேலியைக் கண்டவளே? புங்குடுதீவிலை அவையளுக்கு மதில் எல்லே."

"கோவிக்காதை கமலாக்கா. ஒரு மாறுதலுக்குத்தான். உன்ரை கையும் களைச்சுப் போச்சு."

சுலோஜனா குடை பிடித்துக்கொண்டு வந்தாள். வந்து விசயம் கேட்டவுடன் பின்வாங்கினாள்.

"ஐயோ வேண்டாம் இரஞ்சிதமக்கா. மச்சாள் நிக்கேக்கை நான் எப்பிடி வைக்கிறது? மச்சாள், நீங்கள் வையுங்கோ."

"ஏன், நீர் விட்டுத் தந்து நான் வைக்க வேணுமே?" கமலாதேவி தடியை அவள் கையில் திணித்தாள். "வையும். உம்மைத்தானே கேக்கினம்."

சுலோஜனா வைத்தாள். தடி கொஞ்சம் சாய்ந்து நின்றது. ஆரும் அதைச் சொல்லவில்லை. இரஞ்சிதம் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்தாள். கமலாதேவி பனங்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு சாய்ந்த கதியாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பிழைக்கக் கூடாது என்று நினைத்தாள். நினைத்ததற்காக ஒன்றும் வருத்தப்படவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் அது தளிர்த்தது.

*

மார்கழியில் மாடு கன்று போட்டது. பின்னேரம். நாகுகன்று, பெட்டை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கமலாதேவி கன்றை வைக்கோலால் துடைத்து, குளம்பு நுனியைக் கிள்ளி, முலையில் பிடித்துவிட்டாள். பிறகு இளங்கொடி, கன்றுக்குப் பின்னால் வருகிற நச்சுக்கொடி, விழக் காத்திருந்தாள். மாடு அதைத் தின்றுவிடக் கூடாது. நாயும் தொடக் கூடாது. வைக்கோலோடு உரப்பையில் சுற்றி, பால் உள்ள மரத்தில் உயரக் கட்டவேண்டும். அப்போதுதான் மடியில் பால் நிற்கும். ஆலிலும் கட்டுவார்கள், பாலையிலும் கட்டுவார்கள். இந்த வளவில் பிறந்த எல்லாக் கன்றின் கொடியும் இந்தப் பாலையில்தான் தொங்கியது.

சுலோஜனா கொட்டிலடிக்கு வந்தாள். கன்றைத் தடவினாள்.

"வடிவான கண்டு மச்சாள்."

"ம்."

"இளங்கொடியை எங்கை கட்டப்போறியள்?"

"எங்கை கட்டுறனான்?"

"இல்லை மச்சாள், இந்த ஒரு முறைக்கு மட்டும் பிள்ளையார் கோயிலடி ஆலிலை கட்டுவமே? இவர் கொண்டுபோய்க் கட்டிவிடுவார். பதியெல்லாம் வெட்டிற நேரம் வருது. மணத்துக்குக் காகம் வரும்."

"ஏன், பாலையிலை பால் வத்திப் போச்சே?"

"அப்பிடிச் சொல்லேல்லை."

"கோயிலடியிலை ஆர்ரை மாடு கிடக்கோ, அந்த மாட்டுக்குப் பால் போகும். என்ரை மாடு வரண்டு நிக்கட்டும், என்ன?"

தில்லைநாதன் வேலையிலிருந்து வந்து மோட்டார்சைக்கிளை நிறுத்தினான். இரண்டு முகத்தையும் பார்த்தான். ஹெல்மெற்றைக் கழற்றாமலே நின்றான்.

"அக்கா, அப்ப உன்ரை பக்கம், மேற்குக் கொப்பிலை கட்டன்."

"மேற்குக் கொப்பிலை என்ரை பொட்டலம் கிடக்கு. அவவின்ரை பொட்டலம்தான் பொட்டலம், என்ரை என்ன குப்பையே?"

"சரி, நடுவிலை கட்டு."

"நடுவிலை கொப்பெங்கை கிடக்கு? பொந்துதான் கிடக்கு. நீ போய் அதுக்குள்ளை இரு."

"எனக்குப் பசிக்குது" என்றான் தில்லைநாதன். குசினிக்குள் போய்விட்டான்.

"இஞ்சருங்கோ, ஒரு ஞாயம் சொல்லிப்போட்டுப் போங்கோ" என்று சுலோஜனா அவன் முதுகுக்குச் சொன்னாள். அவளும் போனாள்.

இளங்கொடி பொழுது சாயும்போது விழுந்தது. கமலாதேவி அதைச் சுற்றிக் கட்டினாள். உரப்பை பழையது. மூலையில் இற்றுப்போயிருந்தது. புதுப்பை ஒன்றும் கொட்டிலில் கிடந்தது. அதில் தவிடு இருந்தது. கொட்டிவிட்டு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வாங்கைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் வைத்து ஏறி, கிழக்குக் கொப்பில், பொட்டலங்களுக்கு நடுவே, தன்னுடைய இறுகின முடிச்சில் கட்டினாள். குசினி யன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. பிறகு திரும்பவும் கேட்டது.

அடுத்தநாள் காலை தில்லைநாதனும் சுலோஜனாவும் புங்குடுதீவுக்குப் போனார்கள். சுலோஜனாவின் தாயின் திவசம். போகும்போது அவள் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். கமலாதேவியைப் பார்த்து, "போட்டு வாறம் மச்சாள், ஒருக்கால் பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள். எதைப் பார்க்கச் சொன்னாள் என்று சொல்லவில்லை.

கமலாதேவி பால் கறக்க உட்கார்ந்தாள். முதல்நாள் பால். தடித்து, மஞ்சளாய், செம்பில் சத்தமில்லாமல் விழுந்தது. வாடைக்காற்று மடியைக் குளிரப் பண்ணியது. அப்போது முதல் காகம் வந்தது.

அது கொப்பில் இருந்து தலையைச் சரித்துப் பார்த்தது. உரப்பையின் இற்ற மூலையைக் கொத்தி இழுத்தது. வைக்கோல் வந்தது. பிறகு சதை வந்தது. அது கரைந்தது. மற்றவை வந்தன.

கொட்டில் தூணில் மாட்டுத்தடி சாத்தியிருந்தது. கை நீட்டினால் எட்டும். கமலாதேவி முலையை விடவில்லை.

உரப்பை வெறுமையாகிக் கிழிந்து தொங்கியது. காகத்துக்குப் பொட்டலத்தில் வித்தியாசம் தெரியாது. ஒன்றில் இறைச்சி இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கும். ஒரு காகம் பக்கத்துப் பொலித்தீனைக் கொத்தியது. தும்புத்தூள் உதிர்ந்தது. அது உதறிவிட்டு அடுத்ததைக் கொத்தியது.

"சூ" என்றாள் கமலாதேவி. மாட்டின் மடிக்குச் சொன்ன மாதிரி.

கறந்து முடிந்தது. எழுந்து செம்பை மூடி வைத்தாள். கன்றை அவிழ்த்துவிட்டாள். கொட்டில் வாசலில், மேற்குக் கொப்பின் கீழ், இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். அவள் நின்ற பக்கம் காகம் வரவில்லை.

பொலித்தீன் துண்டுகள் முற்றம் முழுக்கப் பறந்தன. கிழக்குக் கொப்பில் வேர்கள் வெறுங்காற்றில் தொங்கின. அன்று மழை இல்லை. மத்தியானத்துக்குள் அவை நூல்போலச் சுருண்டு கறுத்தன. அவள் குசினிக்குள் போய் அந்த முதல்நாள் பாலில் கடும்பு காய்ச்சினாள். பனங்கட்டி போட்டு, ஏலம் தட்டிப் போட்டு, அடிப்பிடிக்காமல் கிண்டினாள்.

அவர்கள் பின்னேரம் வந்தார்கள். சுலோஜனா படலையில் நின்ற இடத்திலிருந்தே கண்டுவிட்டாள். கையில் திவசச் சோற்றுப் பாத்திரம். அதை வாங்கில் வைத்தாள். மரத்தடிக்கு வந்து ஒவ்வொரு கொப்பாய்ப் பிடித்துப் பார்த்தாள். பிறகு குந்தி இருந்து பொலித்தீன் துண்டுகளைப் பொறுக்கினாள். சின்னத் துண்டும் விடவில்லை. சீலைத் தலைப்பில் சேர்த்தாள்.

கமலாதேவி சண்டைக்கு ஆயத்தமாய் நின்றாள். சொல்லுகிறதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. என்ரை மரமும்தான். ஆண்டாண்டாய்க் கட்டுறம். காகத்தை நானே வளக்கிறன்?

"காகம்தானே மச்சாள்" என்றாள் சுலோஜனா. "அதுக்கு என்ன தெரியும்."

கமலாதேவியின் சொல்லெல்லாம் வாய்க்குள்ளேயே கிடந்து புளித்தது. உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கடும்பு கொண்டுவந்து நீட்டினாள். சுலோஜனா அதைத் தட்டிவிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் வாங்கினாள். அதே மரத்தடியில் குந்தி இருந்து விரலால் வழித்துத் தின்றாள்.

"நல்ல ருசி" என்றாள். கண் சிவந்திருந்தது. குரல் சிவக்கவில்லை.

தில்லைநாதன் கடும்பு தின்னவில்லை. அன்றையிலிருந்து தமக்கையோடு முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை.

*

தை கடைசியில் வாகீசன் வந்தான். பையில் கத்தியும் மண்நிரப்பின கறுப்புப் பைகளும். இரஞ்சிதமும் பார்க்க வந்தாள். கிழக்குக் கொப்பைக் கண்டு அவன் அப்படியே நின்றான்.

"என்ன நடந்தது?"

சுலோஜனா கன்றின் காதைச் சொறிந்துகொண்டு நின்றாள்.

"காகம் தம்பி" என்றாள்.

"எல்லாமே?"

"எல்லாம்."

"ஒரு வலையைக் கட்டியிருக்கலாமே அக்கா."

"கட்டியிருக்கலாம்."

வாகீசன் நெற்றியைத் துடைத்தான். "அப்ப மேற்குக் கொப்புத்தான். இதிலை வந்தால்தான் உண்டு. மரத்தின்ரை நிலையைப் பாத்தா இன்னொரு மாரிக்குக் கட்ட மரம் இருக்குமோ தெரியாது."

எல்லாரும் மேற்குக் கொப்பின் கீழ் வந்தார்கள். இத்தனை நாளும் அவள் கேட்டது இதைத்தான். எல்லாக் கண்ணும் அவளுடைய கொப்பில். பொலித்தீனுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

வாகீசன் முதல் முடிச்சை அவிழ்க்கப் பார்த்து, முடியாமல் கத்தி வைத்தான்.

"என்னக்கா, கப்பல் கட்டுற கட்டோ?"

பொட்டலம் திறந்தது. தூள் உதிர்ந்தது. சீவின இடம் கறுத்திருந்தது. வேர் இல்லை. அடுத்தது. அதுவும் இல்லை. அடுத்ததில் தோல் கொஞ்சம் தடித்துவிட்டு அப்படியே பட்டிருந்தது. அவன் தூளில் ஒரு நுள்ளு எடுத்து நாக்கில் வைத்தான். துப்பினான்.

"உப்பு. எந்தத் தண்ணியிலை கழுவினனீங்கள்?"

"கிணத்திலை."

"நல்ல தண்ணி எண்டு சொன்னனானே."

"உப்புக் காத்திலை நிண்ட மரம்தானே தம்பி."

"காத்து இலைக்கு அக்கா. இது பச்சைப்புண். நீங்களும் புண்ணிலை உப்பை வைச்சுப் பாருங்கோ."

இரஞ்சிதம் சீலைத்தலைப்பால் வாயை மூடினாள். கமலாதேவி கொப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். முடிச்சுகள் ஒவ்வொன்றாய் அறுந்து விழுந்தன.

கடைசிப் பொட்டலம் தாழ்வாய் இருந்தது. மாடு முதுகு உரசுகிற தூணுக்குப் பக்கத்தில், ஓலைக்கு மறைவாய். வாகீசன் கத்தியைக் கொண்டுபோகுமுன் விரலில் நூல் நுனி ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தான். முழுநூலும் கையோடு வந்தது.

"இது மட்டும் சுகமாக் கழருது" என்றான்.

பொலித்தீனை மெல்ல விரித்தான். உள்ளே தூளே தெரியவில்லை. வேர். பந்துபோலச் சுற்றி, வெள்ளையும் கபிலமுமாய், நெருங்கின வேர்.

"பாத்தியளே!" இரஞ்சிதம் கத்தினாள். "கமலாக்காவின்ரை கை எங்கை போகும்! நான் அண்டைக்கே சொன்னனான்."

கமலாதேவி வேரைப் பார்க்கவில்லை. வாகீசனின் விரலில் தொங்கிய நூலைப் பார்த்தாள். இரண்டு சுற்றுச் சுற்றின வளைவு அதில் இன்னும் இருந்தது. ஒரு முடிச்சும் விழாத நூல்.

ஐப்பசியில் புளியங்கூடலில் ஒரு செத்தவீடு. அவள் எட்டாம்நாள் எட்டுச் செலவு முடியும்வரை அங்கே நின்றாள். மாட்டை அந்தத் தூணில் கட்டிவிட்டுப் போனாள். தீனி வைத்தது சுலோஜனா. மாடு உரசியிருக்கும். பொட்டலம் கழன்று கிடந்திருக்கும். அவள் அதை எடுத்து, புதுத்தூள் வைத்து, தொட்டித் தண்ணீரில் நனைத்து, கட்டிவிட்டு, சொல்லாமல் இருந்திருக்கிறாள். சொல்லியிருந்தால், என்ரை கொப்பிலை நீர் ஏன் கை வைச்சனீர் என்று கேட்டிருக்கலாம். அதற்கும் அவள் இடம் விடவில்லை.

சுலோஜனா கன்றின் மற்றக் காதைச் சொறிந்தாள். தலை நிமிரவில்லை.

வாகீசன் கொப்பை அறுத்துப் பையில் நட்டான். ஒரு தகட்டை எடுத்து ஆணியால் எழுத ஆயத்தமானான்.

"ஊரும் கட்டின ஆளின்ரை பேரும் எழுதிறனாங்கள். சுருவில். கமலாதேவி. சரிதானே அக்கா?"

கன்று தாயை இடித்துக் குடிக்கிற சத்தம் கேட்டது. இல்லை என்று சொன்னால் அவள் கையில் ஒரு வேரும் வரவில்லை என்று ஊர் முழுக்கத் தெரியும். ஓம் என்று சொன்னால் ஒருத்திக்குத் தெரியும்.

"எழுதுங்கோ" என்றாள்.

"வடிவா எழுதுங்கோ தம்பி" என்றாள் சுலோஜனா. "படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பலாம்."

குத்தலோ, உண்மையோ. கமலாதேவி அந்தக் குரலை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

வாகீசன் பையைத் தூக்கிக் கமலாதேவியின் கையில் கொடுத்தான்.

"இப்ப கொண்டுபோக ஏலாது, மோட்டச்சைக்கிளிலை குலுங்கினா வேர் அறுந்து போகும். பங்குனி வரைக்கும் உங்கடை நிழலிலை வையுங்கோ. காலமையும் பின்னேரமும் அரைச் செம்பு. மழைத்தண்ணி மட்டும். கிணத்துத் தண்ணி ஒரு சொட்டும் படக்கூடாது. இதை விட்டா வேறை இல்லை."

"மழை எங்கை தம்பி இனி?" என்றாள் இரஞ்சிதம்.

"பின்வீட்டிலை தொட்டி இருக்குத்தானே" என்றான் வாகீசன்.

*

வெயில் சாய்ந்தது. கமலாதேவி செம்பை எடுத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. சாம்பல் போட்டு இன்னொரு தரம் மினுக்கினாள். பிறகு பாலைமரத்தைத் தாண்டிப் போனாள். அந்தக் கோட்டைத் தாண்ட அவளுக்கு நேரம் எடுத்தது. முழங்கால் மட்டும் காரணம் இல்லை.

சுலோஜனா குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். தில்லைநாதன் உள்ளே கதிரையில் இருந்தான். அவன் திரும்பவில்லை.

"சுலோ."

"ஓம் மச்சாள்."

"கொஞ்சம் தண்ணி."

சொல்லியாயிற்று.

"அள்ளுங்கோ மச்சாள், உதுக்குக் கேக்க வேணுமே" என்றாள் சுலோஜனா. என்றாலும் எழுந்தாள். கையைத் துடைத்தாள். தொட்டியின் மூடியைத் தள்ளினாள். செம்பைக் கமலாதேவியின் கையிலிருந்து வாங்கி, குனிந்து, சிரட்டையால் அள்ளி வார்த்தாள்.

"ரெண்டு நேரமும் வேணுமெல்லே?"

"ஓம்."

"அப்ப மூடியை இழுத்து மூடாமல் விடுறன்."

கமலாதேவி செம்பை இரண்டு கையாலும் வாங்கினாள். விளிம்பு வரை தண்ணீர் நின்றது. அசைத்தால் சிந்தும். முற்றத்தில் மெல்ல நடந்தாள். மரத்தைப் பார்க்க முடியவில்லை. கன்றைப் பார்க்க முடியவில்லை. பின்னால் சுலோஜனா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நடக்கவேண்டியிருந்தது.

அரைச் செம்பு என்று வாகீசன் சொன்னது சுலோஜனாவின் காதிலும் விழுந்ததுதான். அரை வார்த்திருக்கலாம். முக்கால் வார்த்திருக்கலாம்.

நிறைய வார்த்திருந்தாள்.